மேல்கணக்கு வழியாக

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடை மாடியில் எங்கள் டிக்கட் அலுவலகம்.
பதினொன்றரைக்கு வந்தார் சந்தனமேரி.
குடையைக் கதவுக்கு வெளியே சாத்தினார்,
அது சரிந்து விழ, திரும்பப் போய் எடுத்துக்
கையிலேயே வைத்துக்கொண்டார், சொட்டச் சொட்ட.

எங்கே போகணும் என்றேன்.
"நான் எங்கயும் போகல.
குவைத்துக்கும் கொரியாவுக்கும் எவ்வளவு தூரம்னு
பாத்துச் சொல்லுங்க மிஸ்."

மூன்று வருடத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.
இந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு
எல்லாத் தூரமும் கட்டுநாயக்கவில்தான் தொடங்கும்.

தட்டிப் பார்த்தேன்.
ஏழாயிரத்து நூற்று முப்பத்தொன்பது கிலோமீட்டர்.
நேரே பறந்தால் ஒன்பது மணித்தியாலம்.
நேரே போகிற விமானம் எங்கள் பட்டியலில் இல்லை.
நடுவில் எங்காவது இறங்கி, காத்திருந்து, மாறி ஏறணும்.
இரண்டு ஊருக்கும் ஆறு மணித்தியால வித்தியாசம்.

"அது தெரியும்.
ஜெசிந்தா பாத்திரம் கழுவி முடிக்கிற நேரம்
அருள்நேசன் வேலைக்கு எந்திரிப்பான்."

ஊசிமலை மேல்கணக்கிலிருந்து இங்கே பதினொரு கிலோமீட்டர்.
ஏழு மணிக்கே லயத்தைவிட்டு இறங்கியிருக்கிறார்.
முதல் பஸ் வரவில்லை, இரண்டாவதும் வரவில்லை,
பாலத்தடியில் மண் சரிந்து கிடக்க
மூன்றாவது அங்கேயே நின்றுவிட்டது.
அதே ஏழு மணிக்குக் கொழும்பில் கிளம்பிய விமானம்
இந்நேரம் மஸ்கட்டைத் தாண்டியிருக்கும்,
சாப்பாட்டுத் தட்டையும் எடுத்துப் போயிருப்பார்கள்.

"மாசி மாசம் அவரு செத்தப்போ
தம்பி கைல காசு இருக்கு, போவான்னு அவ இருந்துட்டா.
அக்காதான் கிட்ட, அவ போவான்னு இவன் இருந்துட்டான்.
அவ பாஸ்போட்டு மேடம் வீட்டு அலுமாரியில.
பெட்டிய நான் ரெண்டு நாளு மூடாம வச்சிருந்தேன்.
இப்ப ரெண்டும் பேசுறதில்ல.
அவ என்கிட்ட சொல்லுவா, நான் அவன்கிட்ட சொல்லணும்.
நான் ஒரு வயரு மாதிரி, மிஸ்."

அவர் கேட்கவில்லை, நானாகத்தான் அளந்தேன்.
கொழும்பு–குவைத் நாலாயிரத்து நூற்று நாற்பது.
கொழும்பு–இன்ச்சொன் ஐயாயிரத்து எழுநூற்று எழுபத்தொன்று.
அக்காதான் கிட்ட.
திரையை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.
ஓர் அலுமாரிச் சாவி எத்தனை கிலோமீட்டர் என்று
கேட்பதற்கு அதில் கட்டம் இல்லை.

"ஒருத்தர ஒருத்தர் பாக்கணும்னா
இங்க வந்து பாத்துட்டுப் போறது ரொம்பச் சுத்தா?"

கூட்டினேன், கழித்தேன்.
சுற்றுத்தான்.
இரண்டாயிரத்து எழுநூற்று எழுபத்திரண்டு கூட.
பறக்கிற கணக்கில் மூன்றேகால் மணித்தியாலம்.

"அவ்வளவுதானா?
இன்னைக்குப் பஸ்ஸுக்கே அதுக்கு மேல நின்னேன்."
முதல் தடவையாகச் சிரித்தார்.
கொழும்பிலிருந்து மேல்கணக்குவரையான வழியை
அவரும் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

எழுதித் தரச் சொன்னார், போனில் படம் பிடித்து அனுப்ப.
எழுதினேன்: குவைத், கோடு, மேல்கணக்கு, கோடு, கொரியா.
விரலால் தடவிப் பார்த்துவிட்டு,
"இது அவளுக்கு. அவன் பேர் கடைசியில வந்தா
அதுக்கும் ஒரு கோவம் வரும்."
இன்னொரு தாளில் மாற்றி எழுதினேன்:
கொரியா, கோடு, மேல்கணக்கு, கோடு, குவைத்.
நடுவில் உள்ளது மட்டும் மாறவில்லை.

எவ்வளவு என்று கேட்டார்.
தூரத்துக்குக் காசில்லை என்றேன்.
"தாளுக்கு?" என்றார்.
இருபது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு
ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தார்.
பஸ் நிலையத்தை மூடிக் கிடந்தது பனி.
எது எந்தப் பஸ் என்று
ஹோர்ன் சத்தத்தை வைத்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.
"எங்கூருது இல்ல," என்றார்,
மறுபடி உட்கார்ந்தார்.